டாய் டிரெயினுக்கு எந்த ஸ்டேஷன், எந்த வீடு சேரும்? ஸ்கேலும் கேஜும் புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

தீபாவளி முடிஞ்சு கிறிஸ்துமஸ் வர்ற வரைக்கும் இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல எந்த மாலுக்குள்ள போனாலும் ஏதாவது ஒரு ரயில் செட் கண்ணுல படும், பிள்ளைங்க அத விட்டு நகர மாட்டாங்க, வாங்கி வந்து ஹால்ல வட்டமா டிராக் போட்டு ஓட விட்டா கொஞ்ச நாள் வீடே கலகலன்னு இருக்கும். அப்புறம் "ஸ்டேஷன் எங்கப்பா, வீடு எங்கப்பா"ன்னு ஆரம்பிப்பாங்க. சிக்கலே அங்கதான். படத்த பாத்து ஆன்லைன்ல ஒரு ஸ்டேஷன் ஆர்டர் பண்ணா, ஒண்ணு இஞ்சின் அந்த ஸ்டேஷன் கதவு வழியா உள்ளயே புகுந்து போற சைஸ்ல வந்து நிக்கும், இல்லன்னா ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மை வண்டிய தூக்கி இடுப்புல வச்சுக்கலாம்ங்கற மாதிரி இருக்கும். இதுக்கு காரணம் ரெண்டே ரெண்டு விஷயத்த கடைக்காரங்களும் சேர்ந்து குழப்பறதுதான், கேஜ் ஒண்ணு, ஸ்கேல் இன்னொண்ணு.

கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல உள்ள இடைவெளி, அவ்வளவுதான், உள்பக்கத்துலேர்ந்து உள்பக்கம் ரூலர் வச்சு அளந்துக்கலாம். ஸ்கேல்னா நிஜ பொருள எத்தனை மடங்கு சின்னதாக்கியிருக்காங்கங்கறது. 1:87ன்னு போட்டிருந்தா நிஜத்துல 87 அடி இருக்கறது பொம்மையில ஒரு அடி. வீடு, கடை, கோயில், மரம், மனுஷங்க, கார் எல்லாத்துக்கும் இந்த ஸ்கேல் நம்பர்தான் கணக்கு, கேஜ் கணக்கே கிடையாது, ஏன்னா வீட்டுக்கு தண்டவாளம் இல்ல பாருங்க. ஆனா நம்மாளுங்க முக்கால்வாசி பேர் டிராக்க அளந்துட்டு வீடு வாங்கறாங்க. செருப்பு சைஸ வச்சு ஒருத்தருக்கு சட்டை தைக்கற மாதிரிதான் அது, சில நேரம் சரியா வரும், பல நேரம் வராது.

ஏன் வராதுன்னா, ஒரே அகல டிராக்குல நாலு வேற வேற ஸ்கேல் வண்டி ஓடுது. உலகத்துலயே அதிகமா விக்கற டிராக் 16.5 மில்லிமீட்டர். இதுல எச்ஓ (HO) ஓடும், அது 1:87, அமெரிக்கா ஐரோப்பா எல்லாம் இதுதான். பிரிட்டிஷ்காரங்க டபுள் ஓவும் (OO) இதே டிராக்குலதான் ஓடும், ஆனா அது 1:76. இதே 16.5லதான் ஓஎன்30ன்னு 1:48 வண்டியும் ஓடும், அது குறுகலான மலை ரயில் மாதிரி வண்டிங்களுக்காக வந்தது. நாலாவதா 1:64ல செஞ்ச வண்டியும் இதுல ஓடும், அது நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியமான விஷயம், கீழ வர்றேன். இப்ப ஆறடி மனுஷன் ஒருத்தர இந்த நாலுலயும் நிக்க வச்சு பாருங்க. 1:87ல 21 மில்லி, 1:76ல 24, 1:64ல சுமார் 28 அரை, 1:48ல 38. டிராக் ஒண்ணுதான், மனுஷன் கிட்டத்தட்ட டபுள் ஆயிட்டான். "என்கிட்ட 16.5 டிராக் இருக்கு, எந்த வீடு வாங்கலாம்"னு கேட்டா யாராலும் பதில் சொல்ல முடியாதுங்கறது இதனாலதான்.

டபுள் ஓ எச்ஓ குழப்பம் எங்கேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சா மறக்காது. ஜெர்மனில மார்க்லின் கம்பெனி 1891ல பொம்மை ரயிலுக்கு 1, 2, 3ன்னு சைஸ் நம்பர் போட்டு வித்தாங்க, அப்புறம் அதுக்கும் சின்னதா ஒண்ணு வந்தப்போ அதுக்கு ஜீரோன்னு வச்சாங்க, அததான் இப்ப எல்லாரும் ஓன்னு சொல்றோம். அந்த ஓ சைஸ பாதியாக்கினது எச்ஓ, ஒரு அடிக்கு 3.5 மில்லி. பிரிட்டன்ல என்ன ஆச்சுன்னா அங்க நிஜ ரயிலே ஐரோப்பா ரயில விட உடம்புல ஒல்லி, குள்ளம், ஏன்னா அவங்க டன்னலும் பிரிட்ஜும் ரொம்ப பழசு, இடம் கம்மி. அத 1:87க்கு சுருக்கினா அந்த காலத்து மோட்டார் உள்ள அடங்கல. சரி டிராக்க அப்படியே வச்சுக்கிட்டு உடம்ப மட்டும் பெருசாக்குவோம்னு அடிக்கு 4 மில்லின்னு போட்டுட்டாங்க, அது டபுள் ஓ ஆயிடுச்சு. கம்பெனிக்கு அது சௌகரியம், நமக்குதான் தலைவலி.

தென்னாப்பிரிக்காவுல இந்த தலைவலி இன்னொரு படி ஜாஸ்தி. எச்ஓ டிராக் 16.5ன்னு வந்ததே நிஜத்துல 1435 மில்லி ஸ்டாண்டர்ட் கேஜ 87ஆல வகுத்துதான். ஆனா நம்ம ஊரு மெயின் லைன் எல்லாம் கேப் கேஜ், மூணரை அடி, 1067 மில்லி. ஸ்டாண்டர்ட் கேஜ் பாக்கணும்னா ஜோபர்க் பக்கம் 2010ல ஆரம்பிச்ச காவ்டிரெயின்ல ஏறணும். வேடிக்கை என்னன்னா டர்பன்ல 1860 ஜூன் 26ல மார்க்கெட் ஸ்கொயர்லேர்ந்து துறைமுகத்து பக்கம் உள்ள பாயிண்ட்ங்கற இடம் வரைக்கும் ஓடின முதல் வண்டி ஸ்டாண்டர்ட் கேஜ்லதான் ஓடிச்சு. அதே வருஷம் நவம்பர் 16ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்லேர்ந்து நம்ம முன்னோர்கள் வந்து இறங்கினப்போ டர்பன்ல ஓடிட்டிருந்தது அந்த அகல தண்டவாளம்தான். பின்னாடி நேட்டால் கவர்மெண்ட் ரயில்வே மலையேறி உள்நாட்டுக்கு லைன் போட்டப்போ 1067க்கு மாறிட்டாங்க, அந்த ரயில்வேயில ஒப்பந்தக் கூலியா வேலை பாத்தவங்கள்ல நம்மாளுங்க நிறைய பேர்.

இப்ப கணக்க பாருங்க. 1067ஐ 87ஆல வகுத்தா 12 மில்லிக்கு கொஞ்சம் மேல வருது. அதாவது ஒரு எஸ்ஏஆர் (தென்னாப்பிரிக்க ரயில்வே) இஞ்சின ஒழுங்கா 1:87ல செஞ்சா அது 12 மில்லி டிராக்குலதான் ஓடணும். ஆனா கடையில கிடைக்கறதெல்லாம் 16.5. இத்தாலியில லீமா கம்பெனி எழுபது எண்பதுகள்ல நம்ம ஊருக்குன்னே எஸ்ஏஆர் வண்டிங்க, புளூ டிரெயின் கோச்சுங்க எல்லாம் விட்டாங்க, இங்க பல வீட்டு அலமாரில இன்னும் ஒரு பெட்டி கிடக்கும், அதெல்லாம் உடம்பு எச்ஓ சைஸ், கால் மட்டும் 16.5. நேரா முன்னாடிலேர்ந்து பாத்தா கால அகட்டி நிக்கற மாதிரி இருக்கும். பக்கவாட்டுல பாத்தா யாருக்கும் தெரியாது. இதுக்காக டிராக்க பிடுங்கி 12 மில்லி போடணும்னு சில பேர் சொல்லுவாங்க, ஆரம்பிக்கறவங்க அந்த பக்கமே போகாதீங்க, சக்கரத்துலேர்ந்து தடம் மாத்தற பாயிண்ட் வரைக்கும் எல்லாம் கையால செய்ய வேண்டியிருக்கும். லீமா எஸ்ஏஆர் வண்டி இருந்தா வீடு 1:87ல வாங்குங்க, முடிஞ்சது.

இப்ப அந்த 1:64. 1067ஐ 64ஆல வகுத்தா 16.7 வருது. 16.5 டிராக்குக்கு இவ்வளவு கிட்ட வேற எதுவும் வராது. அதனால கேப் கேஜ் ரயில டிராக்கோட அகலம் உட்பட சரியா செய்யணும்னு நினைக்கறவங்க, நம்ம நாட்டுல மட்டும் இல்ல நியூசிலாந்து குயின்ஸ்லாந்துலயும், உடம்ப 1:64ல செஞ்சு சாதா 16.5 டிராக்குல ஓட்டறாங்க. இதுல கட்டடம் ரெடிமேடா கிடைக்கறது கம்மி, ஆனா ஒரு பெரிய லாபம் இருக்கு, பிள்ளைங்க வச்சிருக்கற ஹாட் வீல்ஸ் கார் பெரும்பாலும் 1:64க்கு கிட்டத்தட்டதான் இருக்கும், ரோட்டுக்கு வண்டி வாங்கவே வேணாம். அதே ஹாட் வீல்ஸ எச்ஓ ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தினா கார் லாரி சைஸ்ல தெரியும், பிள்ளைங்க கண்டுக்க மாட்டாங்க, நமக்குதான் உறுத்தும்.

சரி, பாக்ஸ் தொலைஞ்சு போச்சு, கையில ஒரு வீடு இருக்கு, ஸ்கேல் தெரியல, என்ன பண்றது? கதவ அளங்க. வீட்டு வாசக்கதவு நிஜத்துல ரெண்டு மீட்டர்னு வச்சுக்கலாம், அதாவது 2000 மில்லி. பொம்மைக் கதவு எத்தனை மில்லியோ அதால 2000ஐ வகுத்தா ஸ்கேல் வந்துடும். 23 மில்லின்னா 1:87, 26ன்னா டபுள் ஓ, 31ன்னா 1:64, 42ன்னா 1:48, பன்னிரண்டரைன்னா என் (N) ஸ்கேல் 1:160, 89ன்னா தோட்டத்துல ஓடற பெரிய ஜி வண்டியோட 1:22.5. ஸ்டேஷன், கோயில், சர்ச் கதவெல்லாம் நிஜத்துலயே உயரமா இருக்கும், அதுல ஏமாந்துடாதீங்க, அந்த மாதிரி கட்டடத்துல படிக்கட்ட பாருங்க இல்லன்னா செங்கல் வரிசைய பாருங்க. நம்ம ஊரு செங்கல் 73 மில்லி உயரம், சாந்தோட சேத்தா ஒரு வரிசைக்கு 85 மில்லி சுமார். எச்ஓல ஒரு வரிசை ஒரு மில்லிதான் வரணும். அட்டையில அச்சடிச்ச செங்கல் மூணு மில்லி இருந்தா அது செங்கல் இல்ல, பாறாங்கல்.

வாங்கறதுக்கு முன்னாடி வண்டிக்கும் இதே சோதனைய போடுங்க. கோச்சுல ஏறுற கதவு இருக்கும்ல, அது நிஜத்துல ரெண்டு மீட்டருக்கு கொஞ்சம் கம்மி, அத ஸ்டேஷன் கதவோட பக்கத்துல வச்சு பாத்தாலே போதும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். கணக்கு பிடிக்காதவங்களுக்கு இது ஒண்ணே போதும்.

டாய் செட்டுங்கள்ல ஒரு பெரிய கூட்டத்துக்கு ஸ்கேலே கிடையாது, அதையும் சொல்லிடணும். மரத்துல வர்ற பிரியோ மாதிரி டிராக், ஜப்பான் பிளாரெயில் நீல டிராக், லெகோ டிரெயின், பேட்டரில ஓடற கிறிஸ்துமஸ் பிளாஸ்டிக் செட், இதெல்லாம் கைக்கு அடக்கமா விளையாடறதுக்கு செஞ்சது. எந்த நம்பரும் ஒத்து வராது, மர டிராக் தவிர மத்ததுல அடுத்த கம்பெனி டிராக்கும் பெரும்பாலும் சேராது. இதுக்கு 1:87 வீடு தேடறது வெட்டி வேலை. லெகோ ரயிலுக்கு லெகோ வீடு, மர ரயிலுக்கு மர கட்டை வீடு, அவ்வளவுதான், பிள்ளை சந்தோஷமா இருப்பான். பாக்ஸ்ல எங்கயுமே எச்ஓ, டபுள் ஓ, என், ஓ, ஜின்னு எதுவும் போடலன்னா அது இந்த கூட்டம்னு வச்சுக்கலாம்.

நடுவுல நிக்கறது அமெரிக்க லயனல் செட், மூணு தண்டவாளம் வச்சது. பேரு ஓ கேஜ், டிராக் 32 மில்லி சுமார், ஸ்கேல் 1:48ன்னு சொல்லுவாங்க. ஆனா குறைஞ்ச விலை செட்டுல வர்ற இஞ்சினும் வேகனும் சின்ன வளைவுல திரும்பணும்ங்கறதுக்காக உடம்ப சுருக்கி செஞ்சது, அளந்து பாத்தா 1:48க்கும் 1:64க்கும் நடுவுல எங்கயோ நிக்கும். அதுக்கு கறாரா 1:48 வீடு வச்சா ரயில் குழந்தை மாதிரி தெரியும். பழைய பிளாஸ்டிக்வில் வீடுங்க அந்த செட்டோட நல்லா சேரும், ஏன்னா அதுவும் அதே மாதிரி சுருக்கி செஞ்சது. ரெண்டும் ஒரே அளவுக்கு பொய் சொன்னா கண்ணுக்கு உண்மையாதான் தெரியும்.

ஜி வண்டியிலயும் இந்த கதைதான். 45 மில்லி டிராக், 1968ல எல்ஜிபி கம்பெனி கொண்டு வந்து பிரபலமாச்சு, மீட்டர் கேஜ 1:22.5ல சுருக்கினது. அதே டிராக்குல 1:32, 1:29, 1:20.3ன்னு ஆளாளுக்கு ஒண்ணு ஓட்டறாங்க. நமக்கு சுவாரஸ்யம் என்னன்னா கேப் கேஜ 24ஆல வகுத்தா 44.5 வருது, அதாவது 1:24ல செஞ்ச எஸ்ஏஆர் வண்டி 45 மில்லி டிராக்குல கச்சிதமா உக்காரும், 1:24ல கார் மாடலும் பொம்மை வீட்டு சாமானும் ஏராளமா கிடைக்குது. பின்பக்கம் கொஞ்சம் தோட்டம் இருக்கறவங்க இத யோசிக்கலாம், ஆனா டர்பன் வெயில்ல பிளாஸ்டிக் வீடு வெளுத்து வளைஞ்சு போகும், ராத்திரி உள்ள எடுத்து வச்சுடுங்க.

இந்தியாவுலேர்ந்து வேலைக்கு வந்து ஜோபர்க், டர்பன்னு இருக்கற வீடுங்கள்ல நவராத்திரிக்கு கொலு வைக்கும்போது கீழ பார்க் போட்டு ரயில் விடறாங்க, அழகா இருக்கும். ஆனா அதுல ஒரு விஷயம் கவனிங்க. 15 சென்டிமீட்டர் பொம்மைய மனுஷ உயரம்னு எடுத்தா அது சுமார் 1:12, எந்த ரயிலுக்கும் அது ராட்சச சைஸ். படில இருக்கற பொம்மைங்க சாமி, அதுக்கு ஸ்கேல் பாக்க வேணாம். பார்க்குல மட்டும் ரயிலோட சைஸுக்கு வீடு, மரம், ஆளுங்க வைங்க, ரெண்டுக்கும் நடுவுல ஒரு துணி மடிப்போ கொஞ்சம் மண்ணு மேடோ விட்டுட்டா கண்ணு தானா பிரிச்சுக்கும். செட்டியார் பொம்மைய எச்ஓ ஸ்டேஷன் பக்கத்துல கடை போட வைக்காதீங்க, கூரைக்கு மேல அவரு தொந்தி தெரியும்.

ஸ்கேல் கொஞ்சம் தப்பா போனா பரவாயில்லயான்னு கேட்டா, எங்க வைக்கறீங்கங்கறத பொறுத்தது. டபுள் ஓவுக்கும் எச்ஓவுக்கும் வித்தியாசம் சுமார் 14 சதவீதம். தனியா நிக்கற ஒரு வீட்டுக்கு அது ஒண்ணுமே இல்ல, நிஜத்துலயே ஒரு வீடு பெருசு ஒரு வீடு சின்னது. ஆனா பிளாட்ஃபார்ம்ல, வண்டி கதவும் ஸ்டேஷன் கதவும் மனுஷனும் ஒட்டி நிக்கற இடத்துல, அது தெரியும். அதனால தண்டவாளத்துக்கு பக்கத்துல சரியான ஸ்கேல், பின்னால போகப் போக சின்ன ஸ்கேல். எச்ஓ லேஅவுட்ல சுவர ஒட்டின கடைசி வரிசைல என் ஸ்கேல் வீடு நாலு வச்சா தூரத்துல ஊரு இருக்கற மாதிரி தெரியும். தலைகீழா மட்டும் பண்ணக்கூடாது, பெரிய வீடு பின்னாடி, சின்ன வீடு முன்னாடின்னா ரயில் பொம்மையாவே தெரியும்.

நீளத்துல யாருமே நேர்மையா இருக்க முடியாது. 20 மீட்டர் கோச் எச்ஓல 230 மில்லி, பத்து கோச் நிக்கற பிளாட்ஃபார்ம் போடணும்னா ரெண்டேகால் மீட்டருக்கு மேல வேணும், சாட்ஸ்வொர்த் வீட்டு ரூம்ல அதுக்கு எங்க போறது. மூணு கோச், அதுக்கேத்த பிளாட்ஃபார்ம், எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க. உயரத்தையும் கதவையும் ஸ்கேல்ல வச்சுட்டு நீளத்த மட்டும் வெட்டினா யாருக்கும் தெரியாது. இன்னொண்ணு, வளைவுல நீள கோச் உள்பக்கம் வயிறு தள்ளும், வெளிப்பக்கம் மூலை தள்ளும், அதனால கட்டடத்த ஒட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்ட இருக்கறதுலயே நீளமான கோச்ச கையால தள்ளி பாத்துட்டு ஒட்டுங்க.

ரெடிமேட் கட்டடம் கடையில கிடைக்கறதெல்லாம் ஃபாலர், வோல்மர் மாதிரி ஜெர்மன் கம்பெனிங்க 1:87ல, அமெரிக்க வால்தர்ஸும் 1:87, மெட்கால்ஃப் அட்டை கிட், ஹார்ன்பி வீடுங்க எல்லாம் டபுள் ஓ. அளவு சரியா இருந்தாலும் ஆல்ப்ஸ் மலை வீட்ட கொண்டு வந்து டர்பன் பக்கத்து இன்சாங்கா ஸ்டேஷன்கிட்ட வச்சா ஒட்டாது. நம்ம ஊரு வீடுன்னா தகரக் கூரை, முன்னாடி வெராண்டா, மரமும் தகரமும் வச்சு கட்டின பழைய வீடு. இத அட்டையில நீங்களே செய்யலாம், பெரிய வித்தை இல்ல. கூரைக்கு மட்டும் கவனம், நிஜ தகரத்துல ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 76 மில்லி, எச்ஓல அது ஒரு மில்லிக்கும் கம்மி. கார்ட்டன் பெட்டிய கிழிச்சு அந்த அலைய கூரையா ஒட்டினா ஒவ்வொரு அலையும் ஒரு ஆள் படுக்கற பள்ளம் மாதிரி தெரியும். சன்னமான அலை வச்ச அட்டை, ஒரு அலை 3 மில்லி சுமார் இருக்கறது, 1:24 தோட்ட ரயிலுக்கு கனகச்சிதம். எச்ஓவுக்கு அச்சடிச்ச காகிதமோ மாடல் கடையில விக்கற பிளாஸ்டிக் ஷீட்டோதான்.

காகிதத்துல பிரிண்ட் எடுத்து ஒட்டற வீடு இன்னும் சுலபம், ஏன்னா பிரிண்டர்ல சதவீதம் மாத்தினா ஸ்கேல் மாறிடும். டபுள் ஓ வீட்ட எச்ஓவாக்க 87 சதவீதம், எச்ஓவ என் ஸ்கேலாக்க 54, டபுள் ஓவ 1:64 ஆக்க 119. பழைய ஸ்கேல் நம்பர புது ஸ்கேல் நம்பரால வகுத்து நூறால பெருக்கினா எதுக்கும் வந்துடும். மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கத்து மாரியம்மன் கோயில் மாதிரி ஒண்ணு செய்யணும்னு ஆசை இருந்தா, பத்து மீட்டர் கோபுரம்னு வச்சுக்கிட்டா எச்ஓல 115 மில்லி, என் ஸ்கேல்ல 62, தோட்ட ரயிலுக்கு 40 சென்டிமீட்டருக்கு மேல போகும். பக்கத்துல கரும்பு ரயில் விடணுமா? நேட்டால் கரும்புத் தோட்ட லைன் பெரும்பாலும் ரெண்டடி கேஜ், அதுக்கு கொஞ்சம் அகலமா இருந்தாலும் ஓரளவு ஒத்து வர்றது என் ஸ்கேலோட 9 மில்லி டிராக்குல ஓடற 1:87 வண்டி, எச்ஓஇன்னு விக்கறாங்க. அங்கயும் டிராக் என் ஸ்கேலோடது, வீடு எச்ஓ.

கட்டடம் சேர்ந்தாச்சு, வண்டியோட வண்டி சேருமான்னும் பாத்துக்குங்க. 16.5 டிராக்னு ஒத்துப் போனாலும் மார்க்லின் எச்ஓ ஏசி கரண்ட்ல, நடுவுல சின்ன புள்ளி புள்ளியா கரண்ட் எடுத்து ஓடற சிஸ்டம், அந்த வண்டிய சாதா 12 வோல்ட் டிசி டிராக்குல வச்சா ஷார்ட் ஆகும். பழைய லீமா சக்கரத்துக்கு விளிம்பு பெருசு, சன்னமான புது டிராக்குல கட்டைய இடிச்சுக்கிட்டே டகடகன்னு போகும், கோட் 100ன்னு விக்கற உயரமான தண்டவாளம் வாங்கினா பிரச்சனை இல்ல. லீமா, ஹார்ன்பி, அமெரிக்க வண்டி மூணுக்கும் கொக்கி வேற வேற, ஒரு வேகன்ல ஒரு பக்கம் ஒரு கொக்கி மறுபக்கம் இன்னொரு கொக்கி மாட்டி வச்சுக்கிட்டா ரெண்டையும் சேத்து இழுக்கலாம். அமெரிக்காவுலேர்ந்து மாமாவோ சித்தப்பாவோ அன்பா செட் அனுப்பினா முதல்ல டிரான்ஸ்ஃபார்மர் மேல எழுதியிருக்கறத படிங்க, 120 வோல்ட்னு மட்டும் போட்டிருந்தா நம்ம 230 வோல்ட் பிளக்ல வெறும் அடாப்டர் போட்டு மாட்டாதீங்க, மாட்டின உடனே புகை வரும், அந்த வோல்டேஜுக்கு ஏத்த கண்ட்ரோலர் இங்கயே ஒண்ணு தனியா வாங்கிடறதுதான் சரி.